தண்ணீர் வந்த பிறகு

வஹீதா முதல் தடவை தும்பக்கொல்லைக்குப் போனபோது, தவளை பார்க்க வந்தவள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ரஃபத்தம்மாவின் பொண்ணு என்றுதான் தெரியும். அப்படித்தான் சுந்தரி சொல்லி வைத்திருந்தாள்.

வஹீதாவின் அம்மா ரஃபத் ஜஹான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறாள். அதே லைனில், அடுத்த மெஷினில், கல்யாணத்துக்கு முன்னால் சுந்தரி உட்கார்ந்திருந்தாள். ஜவ்வாது மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி. ஹாஸ்டல் சாம்பாரைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். ரஃபத் ஜஹான் தன் டிபன் பாக்ஸில் ஒரு பங்கு ஜாஸ்தியாக வைத்துக் கொண்டுபோவாள். பிறகு சுந்தரிக்குக் கல்யாணமாகி, அமிர்திக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிற தன் ஊர் தும்பக்கொல்லைக்கே அவள் திரும்பிவிட்டாள். மகளுக்கு ஆராய்ச்சிக்காக மலையில் தங்க ஒரு வீடு வேண்டும் என்றதும் ரஃபத் ஜஹானுக்கு வேறு யார் ஞாபகமும் வரவில்லை. போன் போட்டாள்.

"இன்னாம்மா கேக்கறீங்க இதெல்லாம்? நம்ம வூடு இல்லையா? அனுப்புங்க" என்றாள் சுந்தரி.

வஹீதா வளர்ந்த தெருவில் கிணறு உண்டு. அதற்கு மூடி போட்டு, மூடியின் மேல் துணி காயப்போடுவார்கள். தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி, அந்தக் கிணற்றுத் தண்ணீர் அவள் பிறப்பதற்கு முன்பே டீ நிறத்துக்கு மாறிவிட்டது. குடிக்கக் கேன், குளிக்க லாரி. விலங்கியல் படிக்கப் போனபோது, தவளையை அறுக்கத்தான் கற்றுக்கொண்டாளே தவிர, ஓடுகிற தண்ணீரில் உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. ஹெலன் மேடம்தான் அவளை முதலில் மலைக்குக் கூட்டிப்போனார். அவளுடைய ஆராய்ச்சிக்கு அவர்தான் வழிகாட்டி. ஐம்பது வயதைத் தாண்டியும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கல்லைப் புரட்டுகிறவர்.

தும்பக்கொல்லைக்குக் கீழே ஒரு கானாறு ஓடுகிறது. ஒரு வளைவில் ஆள் உயரத்துக்கு மேல் பாறைச்சுவர். அதன் இடுக்குகளிலிருந்து கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவரில்தான் அந்தத் தவளை இருந்தது. கட்டைவிரல் அளவுதான். நனைந்த பாறையின் நிறமே அதற்கும். அசையாமல் இருந்தால் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தெரியாது. சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில், இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி அது கூப்பிடும். டக், டக்டக். ஊரில் அதற்குக் கல்தட்டி என்று பேர். பேர் வைத்ததோடு சரி. அதனால் யாருக்கும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

பெண் தவளை பாறைச்சுவரில் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பாறை காய்ந்தால் இறங்கிப்போய்த் தண்ணீரில் ஊறிவிட்டு வந்து, ஈர வயிற்றை முட்டைகளின் மேல் அழுத்திக்கொண்டு படுக்கும். குஞ்சு வெளிவரும் வரைக்கும் அது இரை தேடிக்கூடத் தூரம் போகாது.

இதை வஹீதா சொன்னபோது சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வூட்டு ஆம்பளைங்களக் கூட்டியாந்து காட்டணும்க்கா. கோபிய முதல்ல."

சுந்தரியின் புருஷன் கோபி அதிகம் பேசாதவன். குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டு, மழைக்காலத்தில் சாமை விதைக்கத் திரும்பி வருவான். வீட்டில் ஒரே ஒரு அறை. அதை வஹீதாவுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் வெளியில் கூரை இறக்கிப் படுத்தார்கள். வஹீதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

மூன்று மழைக்காலம் அவள் அங்கே போய் வந்தாள். சாயங்காலமானால் சுந்தரியும் கூடவே வருவாள். ஆரம்பத்தில் பேச்சுத்துணைக்கு வந்தாள். பிறகு அவளே பாறையில் காதை வைத்து, "அந்த மேல் இடுக்குல புதுசா ஒண்ணு வந்துகீதுக்கா, நேத்து இல்ல" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மழையில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பார்கள். வஹீதாவுக்கு அக்கா தங்கை இல்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவள் தோள் இவ்வளவு சூடாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்தத் தவளை வேறு எங்காவது இருக்கிறதா என்று வஹீதா மலை முழுக்கத் தேடினாள். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு ஓடையாகப் போனாள். ஹெலன் மேடமும் வந்தார். எங்கேயும் இல்லை. அந்த ஒரு வளைவில், அந்த ஒரு சுவரில் மட்டும்தான் இருந்தது.

ஊருக்கும் அந்த வளைவுதான் தண்ணீர். போர் போட்டார்கள், புகைதான் வந்தது. இன்னொன்று போட்டார்கள், கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மழைக்காலத்தில் ஓடை ஊருக்குப் பக்கத்திலேயே ஓடும். கோடையில் எல்லாம் வற்றி, பாறைச்சுவருக்குக் கீழே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு செங்குத்தாக இறங்கி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக ஏற வேண்டும். வஹீதா தங்கியிருந்த நாட்களில் அவளும் ஒரு குடம் எடுப்பாள். ஊர்ப் பெண்கள் அவள் குடம் தளும்புவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு கோடையில் சுந்தரி ஏழு மாசம். கோபி குடகில் இருந்தான். கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த சாயங்காலம். "நீ இறங்காத, நான் வந்து எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு வஹீதா மேலே ஒரு பாறைத் திட்டில் ரெக்கார்டரை வைத்துக் காத்திருந்தாள். அந்த வருஷத்தின் முதல் கூப்பாடு அன்றைக்குக் கேட்கலாம் என்று எதிர்பார்ப்பு. சுந்தரி காத்திருக்கவில்லை. வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. ஒரு குடம்தானே என்று இறங்கிவிட்டாள்.

முதலில் குடம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா" என்று ஒரு குரல். கத்தக்கூட இல்லை. பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிடுவது போல.

வஹீதா இறங்கி ஓடினாள். சுந்தரி இரண்டு பாறைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே தண்ணீர் சிவப்பாக ஓடியது. "ஒண்ணும் இல்ல, வழுக்கிடுச்சி" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் ரோடு வரைக்கும் தூக்கினார்கள். குட்டியானை லோடு வண்டி பிடித்து அமிர்தி வழியாக வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க சுந்தரியின் தலை வஹீதாவின் மடியில் இருந்தது. பெண் குழந்தை. வெளியே வரும்போதே மூச்சு இல்லை.

ரஃபத் ஜஹான் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி ஐடி கார்டைக் கழுத்தில் போட்டபடியே ஆம்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். சுந்தரியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கியது வஹீதாதான்.

மயக்கம் தெளிந்து சுந்தரி கேட்டாள். "பாத்தியாக்கா?"

"ம்."

"எப்படி இருந்துச்சி?"

"உன் நெத்தி. அப்படியே உன் நெத்தி."

சுந்தரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றி அவள் யாரிடமும் கேட்கவில்லை.

கோபி திரும்பி வந்தான். அதிகம் பேசாதவன் அந்த வருஷம் பேசினான். ஊரையே திரட்டிக்கொண்டு போய் மனுக் கொடுத்தான், ஆபீஸ் ஆபீஸாக நின்றான். கடைசியில் ஒரு திட்டம் வந்தது. கானாற்று வளைவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தடுப்பணை. தேங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, ஊரில் டேங்க் கட்டி, தெருவுக்குத் தெரு குழாய். ஆனால் அது காட்டு நிலம். கட்டினால் என்ன பாதிப்பு என்று வனத்துறை கேட்டாக வேண்டும். அந்த இடத்தைப் பற்றி எழுதியிருப்பது வஹீதா ஒருத்திதான். ஆகவே அவளைத்தான் கேட்டார்கள்.

அணை கட்டினால் தண்ணீர் அந்தச் சுவரில் ஆள் உயரம் ஏறி, கசியும் இடுக்குகளையெல்லாம் மூடி நிற்கும். கசிவில்தான் அந்தத் தவளை முட்டை போடும். தேங்கிய தண்ணீரில் போடாது.

வஹீதா இன்ஜினியரோடு மலையெல்லாம் நடந்தாள். இன்னும் கீழே கட்டினால் என்ன? அங்கிருந்து மோட்டார் ஏற்றாது. மேலே? கோடையில் அங்கே பொட்டுத் தண்ணீர் நிற்காது. லாரித் தண்ணீர்? லாரி ஏறும் ரோடு இல்லை. அந்த இன்ஜினியர் நல்ல மனுஷன். ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹெலன் மேடம் போனில் பேசினார். "வஹீதா, நீ 'கூடாது'ன்னு சொன்னா இது நிக்கும். உலகத்துலயே அந்த ஒரு இடம்தாம்மா அதுக்கு."

"தெரியும் மேடம்."

"ஊருக்குத் தண்ணி இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு எப்படியாவது வரும். கேக்க வாய் இருக்கு, ஓட்டு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு? உன்னத் தவிர யாரு இருக்காங்க?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வஹீதா அழுதாள். மேடமும் அந்தப் பக்கம் அழுவது கேட்டது.

அந்த வாரம் அவள் சுந்தரி வீட்டில்தான் இருந்தாள். சுந்தரி அடுப்படியில் கேழ்வரகு மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "நீ வேணாம்னா நின்னுடுமாமே, நெஜமா?"

"ஆமா."

சுந்தரி மாவை உருட்டித் தட்டில் வைத்தாள். "நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன்க்கா. கோபி கேக்கச் சொன்னாரு. கேக்க மாட்டேன்னு சொல்ட்டேன்."

பள்ளிக்கூடக் கட்டிடத்தில் கூட்டம் நடந்தது. வனத்துறை ரேஞ்சர் அவளைப் பேசச் சொன்னார். வஹீதா எழுந்தாள்.

"இந்த வளைவுல ஒரு தவளை இருக்கு. நீங்க கல்தட்டின்னு சொல்றது. வேற எங்கயும் நான் பாக்கல. அணை கட்டினா அது இருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன். அத மறைக்க மாட்டேன்." தண்ணீர் குடிக்க எடுத்த பாட்டிலைக் குடிக்காமலே கீழே வைத்தாள். "ஆனா கட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. இந்த ஊருக்குத் தண்ணி வேணும்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுந்தரி மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

வேலை தொடங்குமுன் ஒரு மழைக்காலம் மிச்சம் இருந்தது. தவளைகளை இடம் மாற்றிப் பார்ப்பது என்று வஹீதா முடிவு செய்தாள். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடை, அங்கேயும் கசிவுள்ள பாறை. ஹெலன் மேடம் வரவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் வஹீதாவோடு அதிகம் பேசவில்லை. டப்பாக்களும் வலைத்துணியும் மட்டும் அனுப்பியிருந்தார்.

வஹீதா, சுந்தரி, கோபி மூன்று பேரும் பிடித்தார்கள். ஈரத்துணி விரித்த டப்பாக்களில் வைத்து முகடு ஏறினார்கள். முட்டைகளைப் பாறையிலிருந்து பிரிக்க முடியவில்லை. தொட்டதும் கிழிந்தன. ஒரு இடத்தில் கோபி கடப்பாரையால் பாறையின் விளிம்பைப் பலகை மாதிரிப் பெயர்த்தெடுத்தான். முட்டைகள் அதன் மேல் அப்படியே இருந்தன. ஆண் தவளையும் ஓடவில்லை. கோபி சும்மாடு வைத்து அந்தக் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டான். பின்னாலேயே சுந்தரி நடந்து, குடத்துத் தண்ணீரைக் கை நிறைய அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டே வந்தாள். அந்தத் தவளை வழி முழுக்க அதன் முட்டைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது எறும்புகள் கல்லை மொய்த்திருந்தன. முட்டைகள் இல்லை. தவளையும் இல்லை.

மற்றவை சில சாயங்காலங்கள் புது இடத்தில் கூப்பிட்டன. வஹீதாவுக்கு நம்பிக்கை வந்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. மழை முடியும் சமயத்தில் சுந்தரி ஒருநாள் ஓடி வந்தாள். "அக்கா, பழைய பாறையில கேக்குது! திரும்பி வந்துடுச்சிங்க!" அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

கோடையில் அணை எழும்பியது. ஆனி மாச மழைக்குத் தண்ணீர் தேங்கத் தொடங்கியது.

வஹீதா அந்தச் சாயங்காலங்களில் எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் நாலைந்து ஆண் தவளைகள் இருந்தன. தண்ணீர் ஏற ஏற அவை ஒரு சாண் மேலே போய் உட்கார்ந்து கூப்பிட்டன. முட்டை வைத்திருந்த ஒன்று மட்டும் நகரவில்லை. தண்ணீர் முட்டைகளைத் தொட்டது. மூடியது. அது தண்ணீருக்குள்ளேயே அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு இருந்தது. மூச்சுக்கு மேலே வரும், மறுபடி இறங்கும்.

சுந்தரி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளும் பார்த்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

"புடிச்சிடலாமாக்கா?"

"புடிச்சி எங்க கொண்டுபோறது?"

இரண்டு பேரும் நன்றாக இருட்டும் முன்பே மேலே வந்துவிட்டார்கள். அதைக் கடைசி வரைக்கும் பார்க்க இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை.

குழாயில் தண்ணீர் வந்த நாள் ஊரில் திருவிழா மாதிரி இருந்தது. மோட்டாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பிள்ளைகள் குழாயடியில் புரண்டார்கள். வயசான பெண்கள் குழாயைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சுந்தரி முதல் சொம்பைக் கொண்டுவந்து வஹீதாவிடம் நீட்டினாள். வஹீதா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர். ஜில்லென்று இருந்தது.

அடுத்த வருஷம் யாரோ அணையில் தலைப்பிரட்டைகளைத் தின்னும் ஜிலேபி மீன் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மழைக்காலத்தில் வஹீதா வந்து பல சாயங்காலம் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நின்ற பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வஹீதாவுக்கு டாக்டர் பட்டம் வந்தது. பெண்கள் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. ஹெலன் மேடம் வாழ்த்துச் சொல்லி ஒரு வரி அனுப்பினார். ரஃபத் ஜஹான் கம்பெனி லைன் முழுக்க லட்டு கொடுத்தாள்.

சுந்தரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சௌமியா என்று பேர் வைத்தார்கள். பேர் வைக்கும் நாளுக்கு ரஃபத் ஜஹான் போனாள். பரீட்சை வேலை இருக்கிறது என்று வஹீதா போகவில்லை. பரீட்சை வேலை உண்மைதான். ஆனால் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தங்கள் வர ஆரம்பித்தன. மழை பெய்த ஒரு சாயங்காலம் சுந்தரி வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். தண்ணீர் ஓடும் சத்தம், பூச்சிச் சத்தம், நடுவில் ஏதோ ஒரு தவளை. கடைசியில் சுந்தரியின் குரல். "இது அதானாக்கா? பாத்து சொல்லு."

வஹீதா போனை எடுத்தாள். காதில் வைத்து மறுபடி மறுபடி கேட்டாள். இல்லை. அது வயலிலும் குட்டையிலும் இருக்கிற சாதாரணத் தவளை. அதை விளக்கமாக எழுதி அனுப்பினாள்.

அடுத்த மழைக்கு இன்னொன்று வந்தது. வேறு ஓடையிலிருந்து. அதுவும் இல்லை. அதற்கடுத்தது முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சுந்தரி மழை பெய்தால் போதும், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள் என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் வஹீதா கடைசி வரைக்கும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும், "இல்ல சுந்தரி, இது வேற." பிறகு விளக்கம் எழுதுவது நின்றது. "இல்ல" மட்டும் அனுப்பினாள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வெளியே மழை இருட்டினால், இன்றைக்கு ஒன்று வருமே என்று அவள் போனைக் கவிழ்த்து வைப்பாள்.

ஐப்பசியில் ஒருநாள் கோபி போன் செய்தான். அவன் அதுவரைக்கும் அவளுக்குப் போன் செய்ததே இல்லை.

"பாறையில வழுக்கி விழுந்துட்டா. பாப்பாவுக்கு நெத்தியில அடி. ரத்தம் வந்துச்சி, பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா இவ நிறுத்த மாட்டேன்றா. நான் சொன்னா கேக்கறதில்ல. பேஜாரா கீதும்மா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நீங்க ஒரே ஒரு தடவ அதுதான்னு சொல்லிடுங்களேன். பொய்யா இருந்தாலும் பரவால்ல. அதோட விட்டுடுவா."

மறுநாள் சனிக்கிழமை. வஹீதா கிளம்பிப் போனாள். பஸ்ஸில் அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'கேட்டேன் சுந்தரி. அதுதான். இருக்கு. இனிமே தேட வேணாம்.'

சுந்தரி இளைத்திருந்தாள். வஹீதாவைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வஹீதா குழந்தையைத் தூக்கினாள். அவளையும் அறியாமல் அந்த நெற்றியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரி அதைக் கவனித்தாள்.

சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டாள். சாப்பிட்ட பிறகு போனை எடுத்தாள். "முந்தாநேத்து எடுத்ததுக்கா. உனக்கு இன்னும் அனுப்பல."

வஹீதா காதில் வைத்துக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மரத்தவளை. திறந்தபோது சுந்தரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுதான் சுந்தரி" என்றாள் வஹீதா. "அதேதான். இருக்கு, எங்கயோ இருக்கு. இனிமே நீ தேட வேணாம்."

சுந்தரி போனை வாங்கி அணைத்தாள். "பொய் சொல்ற."

"இல்ல..."

"எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? உன் பக்கத்துல உக்காந்துகினு எத்தினி மழை கேட்டேன்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவேன்."

வஹீதாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அப்போ இத்தன நாள் அனுப்பினியே, அதெல்லாம்?"

"எல்லாம் வேறதான். தெரிஞ்சிதான் அனுப்பினேன்."

"ஏன் சுந்தரி?"

"வேற இன்னாத்த அனுப்பறது உனக்கு?" சுந்தரியின் உதடு கோணியது. "பாப்பா போட்டோவ அனுப்புறதா? கொழாயில தண்ணி வர்றத அனுப்புறதா? எது அனுப்புனாலும் உனக்கு அதுதானே ஞாபகம் வரும். தேடுறேன்னாவது தெரியட்டும்னுதான் அனுப்பினேன்."

வஹீதா அவள் கையைப் பிடிக்கப் போனாள். சுந்தரி கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, சூடு பட்டது போல.

"அன்னிக்கு நீ வேணாம்னு சொல்லியிருக்கணும்க்கா. சொல்லியிருந்தா உன்மேல கோவம் வந்திருக்கும். ரெண்டு வருஷம் மூஞ்சியப் பாத்திருக்க மாட்டேன். அப்புறம் ஒரு நாளு ரஃபத்தம்மா கூப்ட்டு வெச்சி சோறு போட்டிருப்பாங்க, சரியாப் போயிருக்கும். இது சரியாவாது. காலைல கொழாயத் தொறந்தா நீ. துணி தொவைச்சா நீ. பாப்பாவக் குளிப்பாட்டினா நீ. ஒரு வாயி தண்ணி என்னால நிம்மதியாக் குடிக்க முடியல."

"நான் உன்ன ஒரு வார்த்த சொன்னேனா?"

"சொல்லலையே. அதுதான். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம் இல்ல? உன்னாலதான்டி போச்சுன்னு ஒரு தடவ?"

வஹீதா வாயைத் திறந்தாள். திட்ட முடிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவளுக்குச் சுந்தரிமேல் கோபம் இல்லை. எங்கே தேடியும் இல்லை. அதைச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் சுந்தரி சத்தம் போட்டு அழுதாள். குழந்தை பயந்து போய் அழுதது. கோபி வந்து குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ரொம்ப நேரம் கழித்துச் சுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்ச நாளு நீ வராதக்கா. நானும் ஒண்ணும் அனுப்ப மாட்டேன். உன்னப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

"கொஞ்ச நாளுன்னா?"

"தெரியலக்கா."

வஹீதா தலையாட்டினாள். அவளுக்கும் மூச்சு முட்டியது. அதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு அங்கேதான் தங்கினாள். ஒரே அறையில், நடுவே குழந்தையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். காலையில் கோபி பைக்கில் ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். சுந்தரி வாசலில் நின்றாள். கையை அசைக்கவில்லை. வண்டி திரும்பும் வரைக்கும் உள்ளேயும் போகவில்லை.

மலை இறங்கும் பஸ்ஸில் ஷூ கம்பெனி ஹாஸ்டல்களுக்குத் திரும்பும் பெண்கள் ஏறினார்கள். லீவுக்கு ஊருக்கு வந்து, ஷிப்டுக்குத் திரும்புகிறவர்கள். ஒருத்தி வஹீதாவின் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு வளைவு தாண்டியதும் வஹீதாவுக்குக் கட்டுப்படுத்த முடியவில்லை. துப்பட்டாவால் வாயை அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அக்கா, இன்னாச்சி? யாராவது தவறிட்டாங்களா?"

வஹீதா தலையாட்டினாள்.

"சொந்தமா?"

"ஆமா."

அந்தப் பெண் அதற்குமேல் கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு கர்ச்சீப்பை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அமிர்தி வரும் வரைக்கும் ஹெட்போனை மறுபடி மாட்டாமல், எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்திருந்தாள்.